குழந்தைப் பெயர் ஆப்: 499 ரூபாய் கட்டிப் பார்த்ததில்

குழந்தைக்குப் பெயர் தேட ஆப் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு கட்ட வேண்டாம். இலவசமாகத் திறந்திருக்கும் பகுதியில் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள், நாம் மறந்துபோன நல்ல பெயர் நாலு கண்ணில் படும், அதோடு மூடிவிடுங்கள். பெயரின் பொருள், எந்த மொழியிலிருந்து வந்தது, எப்படி உச்சரிப்பது, இந்த மூன்றையும் காட்டத்தான் சந்தா கேட்கிறார்கள். அந்த மூன்றையுமே நம்ப முடியவில்லை.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அத்தைதான் பிள்ளையை மடியில் வைத்துக் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். தம்பி மனைவி, "மதனி, காதுல சொல்லப்போறது நீங்கதான், நல்ல பேரா நாலு நீங்களே பாத்து வைங்க" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டாள். அப்படித்தான் ஆண்டுச் சந்தா 499 ரூபாய் கட்டி இதற்குள் போனேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் அவரவர் போனிலிருந்து பிடித்த பெயரைக் குறித்து வைக்கலாம், இரண்டு பேர் குறித்த பெயர் மேலே வந்து நிற்கும். மாமியார் வீடு ஒரு ஊர், அம்மா வீடு ஒரு ஊர் என்று இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். தேடலும் வேகம். விளம்பரத் தொல்லை இல்லை. இதற்கு மேல் பாராட்ட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பிள்ளைக்கு அஸ்த நட்சத்திரம். அதற்குப் பஞ்சாங்கத்தில் சொல்லும் எழுத்துகள் பூ, ஷ, ண, ட. இந்த வரிசையே வடமொழி எழுத்துகளை வைத்துப் போட்டது, அதனால் தமிழில் பெயர் தேடுகிறவர்களுக்கு எப்போதுமே இடிக்கும். ண, ட இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, தொல்காப்பியத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஷ கிரந்த எழுத்து. ஆயில்யக்காரர்களுக்கு டி, டு, டே, டோ என்றே நான்கும் போய்விடும், திருவாதிரைக்கு ங கூட உண்டு. சரி, அது ஆப்பின் குற்றமில்லை. ஆனால் ண என்பதைத் தட்டினால் என்ன வருகிறது என்று பாருங்கள்: நந்தினி, நளினி, நர்மதா. ட என்பதைத் தட்டினால் தாரா, தமயந்தி, தாமரை. மேலே கொட்டை எழுத்தில் ண என்று தலைப்பு, கீழே முழுக்க ந. நட்சத்திர எழுத்தை நம்பிப் பெயர் வைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை, அதற்காகத்தானே காசு கட்டினார்கள்.

ஏன் இப்படி என்று பார்த்தால், உள்ளே எல்லாப் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது, நாம் பார்க்கும் தமிழ் அதிலிருந்து எந்திரம் மாற்றிக் கொடுப்பது. ந, ன, ண மூன்றும் ஒரே எழுத்து. ர, ற இரண்டும் ஒன்று. ல, ள ஒன்று. இதை வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயருக்குப் பொருள் சொன்னால் எங்கே போய் முட்டும்?

மாறன் என்று தேடினேன். பொருள் என்ற இடத்தில் "மன்மதன், காதல் கடவுள்" என்று வந்தது. மன்மதன் என்றால் அது மாரன், இடையின ர. வல்லின ற போட்ட மாறன் பாண்டிய மன்னர்களின் பெயர், நம்மாழ்வாருக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதேபோல வளவன் என்ற பெயருக்கு "தேரோட்டி, திறமைசாலி" என்று போட்டிருக்கிறார்கள். வளவன் சோழன். தேரோட்டி என்பது வலவன். புறநானூற்று 27ஆம் பாட்டில் வரும் "வலவன் ஏவா வானூர்தி" அந்தச் சொல்தான், ஓட்டுகிறவன் இல்லாமலே போகும் வான ஊர்தி. இரண்டுமே நல்ல சொல், இரண்டிலும் பெயர் வைக்கலாம், ஆனால் எதை வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டாமா? அரன் என்று பார்த்தால் இன்னும் மோசம். அரன் சிவபெருமான். அறன் அறம், குறளில் நான்காம் அதிகாரமே அறன் வலியுறுத்தல். அரண் கோட்டை, அதுவும் குறளில் 75ஆம் அதிகாரம். ஆப்பில் மூன்றும் ஒரே வரியில் கிடக்கிறது, பொருள் "சிவன், நேர்மை, பாதுகாப்பு". மூன்று பெயரின் பொருளை ஒரு பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பூ என்ற எழுத்துக்குத்தான் எல்லோரும் வந்து நின்றார்கள். பூங்கொடி, பூவிழி, பூம்பாவை, பூங்குழலி. பூங்குழலி தம்பிக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆப்பில் அதற்கு "மலர் போன்ற புல்லாங்குழல்" என்று பொருள். குழல் என்றால் புல்லாங்குழல் உண்டுதான், "குழலினிது யாழினிது" என்று குறளிலேயே இருக்கிறது. ஆனால் பூங்குழலியில் வரும் குழல் கூந்தல். பூச்சூடிய கூந்தலை உடையவள். கார்குழலி என்றால் மேகம்போல் கறுத்த கூந்தல். தமிழ் படித்த எந்த டீச்சரிடம் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள், ஆனால் இப்போது யாரும் டீச்சரிடம் கேட்பதில்லை, இந்த ஆப்பைக் காட்டித்தான் பெயர் சூட்டு விழா அழைப்பிதழில் பொருளையும் சேர்த்து அச்சடிக்கிறார்கள்.

எழினி என்ற பெயரையும் சொல்ல வேண்டும். இப்போது பெண் குழந்தைகளுக்கு ஆசையாக வைக்கிறார்கள். ஆப்பில் "அழகானவள்". எழில் என்ற சொல்லோடு சேர்த்து யாரோ ஊகித்திருக்கிறார்கள். எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறும் மேடைக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை கட்டுவார்கள். அப்புறம் அது அதியமான் மரபில் வந்த ஆண்களின் பெயர், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயர் பொகுட்டெழினி. நாடகத் திரையும் ஒரு பெரிய குறுநில மன்னர் குடும்பமும் பின்னால் நிற்கும் பெயர் அது. இவ்வளவு வரலாறு இருக்கும் பெயருக்கு "அழகானவள்" என்று ஒரு சொல்லைப் போட்டு முடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெண்ணுக்கு வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாக வைக்கலாம், வளர்ந்து அவள் கேட்கும்போது சொல்ல எவ்வளவு கதை இருக்கிறது!

சரி, வடமொழிப் பெயர்களாவது ஒழுங்காக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. ஆரவ் என்ற பெயரைப் பட்டியலின் மேலேயே வைத்து "அமைதியானவன்" என்று பொருள் போட்டிருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் ஆரவம் என்றால் ஓசை, இரைச்சல், கூச்சல். அமைதிக்கு நேர் எதிர்ப்புறம். இந்தத் தவறு இந்த ஒரு ஆப்பில் மட்டும் இல்லை, பெயர்ப் பட்டியல் போடும் இணையதளங்களில் அங்கங்கே இதே பொருளைப் பார்த்திருக்கிறேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்து ஒட்டுகிறார்கள், மூல மொழியின் அகராதியை யாரும் திறப்பதில்லை.

மூலம் என்ற பகுதியில் எனக்குப் பெரிய வருத்தம் இருக்கிறது. எந்த மொழிச் சொல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் என்று மதத்தைப் போட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவம் என்பதைத் தட்டினால் முழுக்க ஆங்கிலப் பெயர்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரி, திருச்சி, சிவகங்கைப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாக வைத்த பெயர்கள் ஒன்றுகூட இல்லை. அருளப்பன் இல்லை. யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் அருளுடையவர் என்று பொருள், அதைத் தமிழில் அருளப்பர் ஆக்கினார்கள். சின்னப்பன் இல்லை. பவுல் என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் சிறியவர் என்று பொருள், அதனால் புனித பவுல் இங்கே சின்னப்பர். சவரிமுத்து இல்லை. இந்தப் பெயரை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்கவே அடங்காது. சேவியர் என்பது ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் ஒரு ஊரின் பெயர், பாஸ்கு மொழியில் புது வீடு என்று பொருள். அந்த ஊரில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வருகிறார், பரதவர் வாயில் சவேரியார், சவரியார் ஆகிறார், அதோடு கடலில் குளித்தெடுக்கும் முத்தும் சேர்ந்து சவரிமுத்து. ஒரு பெயருக்குள் ஐரோப்பாவின் ஒரு மலைநாட்டு ஊரும் நம் கடலும் சேர்ந்து இருக்கிறது. இது இருந்திருந்தால் 499 ரூபாயைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

தனித்தமிழ்ப் பெயர்கள் பகுதியும் அப்படியே வெறுமையாக இருக்கிறது. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதில் ஒவ்வொரு சொல்லும் மாற்றப்பட்டிருக்கிறது: வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். அவருக்கும் முன்னால் சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். பிறகு திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் இராமையா அன்பழகன் ஆனதும் எல்லோருக்கும் தெரிந்தது. இன்றைக்கு இளங்கோ, செழியன், மதியழகன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் இந்த வரலாற்றினால்தான். செழியன் பாண்டியனின் பெயர் என்பதுகூட ஆப்பில் இல்லை, "வளமானவன்" என்பதோடு நிறுத்திவிட்டார்கள்.

உச்சரிப்புப் பொத்தானுக்கு வருகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கிப் படம், அதைத் தட்டினால் ஒரு பெண் குரல் பெயரைச் சொல்கிறது. பூங்குழலியைத் தட்டினேன். "பூன்குஜாலி" என்றது. எழில், "எஜில்". யாழினி, "யாஜினி". ழகரத்துக்கு நாமும் மலையாளிகளும் ஆங்கிலத்தில் இசட் எச் என்று எழுதுவது நமக்குள் ஏற்பட்ட வழக்கம். ஆங்கிலம் தெரிந்த எந்திரத்துக்கு இசட் எச் என்றால் 'மெஷர்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற அந்தச் சத்தம்தான் தெரியும். த என்பதற்கும் நாம் டி எச் போடுகிறோம், வடக்கே டி மட்டும் போடுவார்கள், அதனால் இந்தக் குரல் லதாவைக்கூட மூச்சை அழுத்தி வேறு மாதிரி சொல்கிறது. தமிழ் பேசும் ஒருவரை உட்காரவைத்துப் பெயர்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தால் தீர்ந்திருக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள், மருமகள், மருமகன் இந்தப் பொத்தானை அழுத்தித்தான் பெயரைக் கற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கும்போது சிரித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் பெயரைச் சொந்த வீட்டிலேயே தவறாகக் கூப்பிடுவார்கள்.

இதில் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ழ உள்ள பெயர் வைப்பதாக இருந்தால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று பிறப்புச் சான்றிதழ் வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். இசட் எச் போட்டால் வெளியூரில் ஜ என்பார்கள், எல் போட்டால் ல என்பார்கள். எங்கள் வீட்டில் இசட் எச் என்றே முடிவு செய்திருக்கிறோம், ழகரத்தின் இடத்தையாவது அது காட்டிக்கொடுக்கும். எதுவானாலும் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், பள்ளி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

குடும்பப் பெயர் பகுதி தமிழ்நாட்டுக்காரர்களை நினைத்தே பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. தம்பி பெயரைப் போட்டால் "இது குடும்பப் பெயர் அல்ல" என்று சொல்லி, அய்யர், ரெட்டி, நாயர், பிள்ளை என்று சாதிப் பட்டியலை நீட்டுகிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட நாடு இது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், சிலர் ஊர்ப் பெயரின் எழுத்தையும் சேர்ப்பார்கள், இப்போது அம்மா பெயரையும் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான் நம் முறை. இது நேற்று வந்ததும் இல்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற சங்கப் புலவர் பெயரைப் பாருங்கள், முதலில் ஊர், அடுத்து அப்பா, கடைசியில் தன் பெயர். நாம் இன்று எழுதும் அதே வரிசை, எழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுதியிருக்கிறார்கள். இப்படி ஒரு முறை உலகத்தில் இருக்கிறது என்பதே அந்தக் கட்டத்தை வடிவமைத்தவருக்குத் தெரியவில்லை.

உண்மையில் இந்த இடத்தில்தான் பெற்றோருக்கு உதவி தேவை. பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரில் வாங்கியவர்கள் பட்டபாடு தெரியும்தானே. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று சொன்னது, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எப்.என்.யு. என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அதனால் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் முழுதாக எழுதிவிடுவது நல்லது. ஆப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எண் கணிதத்துக்குத் தனிக் கட்டணம். நான் கட்டவில்லை. எண் சரியாக வரவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு ஏ, ஒரு எச் கூடுதலாகச் சேர்க்கச் சொல்வார்கள், அந்த எழுத்து வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் கேட்கும். நம்பிக்கை இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும், எனக்கு அதில் விருப்பமில்லை.

அப்போ பொருளை எங்கே பார்ப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பிறகு ஒரு பின்னிணைப்பும் போட்டார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த வேலை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் முழுதும் இலவசம். பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுக்கும், எந்த நூலில் அந்தச் சொல் வருகிறது என்று காட்டும், வடமொழியிலிருந்து வந்தது என்றால் மூலச் சொல்லையும் போட்டிருக்கும். மாரனும் மாறனும் தனித்தனியாகத்தான் இருப்பார்கள். போனில் பார்க்கக் கொஞ்சம் கண்ணை உறுத்தும், பழைய காலத்து வடிவமைப்பு. இன்னொன்று, இன்றைய பெயர்களை அப்படியே அடித்தால் பெரும்பாலும் கிடைக்காது, பிரித்துத் தேட வேண்டும். நறுமுகை என்றால் நறு தனி, முகை தனி: மணமுள்ள அரும்பு. கயல்விழி என்றால் கயல், விழி: கயல் மீன்போன்ற கண். யாழினியில் யாழ். இரண்டு மூன்று பெயருக்குச் செய்து பார்த்தால் கை பழகிவிடும், தாத்தா பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும், எங்கள் வீட்டில் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

அவசரமும் வேண்டாம். "21 நாளுக்குள் பெயரை முடிவு செய்யுங்கள்" என்று ஆப் தினமும் அறிவிப்பு அனுப்புகிறது. 21 நாள் என்பது பிறப்பைப் பதிவு செய்யத்தான், ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை நேரம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை ஏற்றிவிட்டால் மாற்றுவது பெரிய அலைச்சல், எழுத்தைச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் குடும்பத்தோடு சேர்ந்து குறிக்கும் வசதிக்காக. ஏற்கெனவே சந்தா கட்டியவர்கள் கவனியுங்கள், போனிலிருந்து ஆப்பை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, பணம் மற்றும் சந்தாக்கள் என்ற இடத்துக்குப் போய், அங்கே ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் தானாகவே 499 போய்விடும்.